321க்கு 101: மசோதா செத்தது, அது கேட்டது கிடைத்தது

தெருவிளக்கு எழுதியது:

போன வாரம் வேறோர் இழையில், "அமெரிக்காவில் கேபிள் விவகாரமெல்லாம் ஊர்க்காரர் கையில்தானே இருக்கிறது" என்று ஒரு நண்பர் போகிற போக்கில் எழுதியிருந்தார். இரண்டு வரியில் மறுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. எனவே தனி இழை. மாசசூசெட்ஸில் ஒரு சிறிய ஊரில் கேபிள் ஆலோசனைக் குழுவில் சில ஆண்டுகள் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2006 ஜூன் 8 அன்று பிரதிநிதிகள் சபை எச்.ஆர். 5252 என்ற மசோதாவை 321க்கு 101 என்ற கணக்கில் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் டெக்சாஸின் ஜோ பார்ட்டன், குடியரசுக் கட்சி. கூடவே நின்றவர் சிகாகோவின் பாபி ரஷ், ஜனநாயகக் கட்சி. 'கோப்' சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மறுநாள் இணையம் முழுக்கப் பேசியது அதை அல்ல. எட் மார்க்கி கொண்டுவந்த இணையச் சமநிலைத் திருத்தம் (எல்லா இணையதளத்தையும் நிறுவனங்கள் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்பது) 152க்கு 269 என்று தோற்றதைத்தான். இன்றைக்கும் அந்த ஆண்டை நினைவு வைத்திருப்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். மசோதாவின் வயிற்றுக்குள் இருந்த சங்கதி வேறு.

அதுவரை இருந்த ஏற்பாடு இது. ஒரு நிறுவனம் உங்கள் ஊரில் கேபிள் தொலைக்காட்சி நடத்த வேண்டும் என்றால், உங்கள் ஊர்த் தெருவைத் தோண்ட வேண்டும், கம்பத்தில் கம்பி கட்ட வேண்டும். தெரு ஊருக்குச் சொந்தம். ஆகவே ஊரிடம் உரிமம் வாங்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இதை ஒப்புக்கொண்டு, கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5 சதவீதத்துக்கு மேல் ஊர் கட்டணம் கேட்கக்கூடாது என்று வரம்பும் போட்டது. தொலைபேசி நிறுவனங்கள் கண்ணாடி இழை போட்டுத் தொலைக்காட்சிக்குள் நுழையப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான ஊர்களின் வாசலில் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வாஷிங்டனில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் ஒரே ஒரு உரிமம், பத்தாண்டுக்கு, நாடு முழுவதற்கும்: இதுதான் கோப் சட்டத்தின் முதுகெலும்பு.

5 சதவீதம் ஊருக்கே என்று விட்டுவைத்தார்கள். உள்ளூர் அலைவரிசைகளுக்காக இன்னொரு 1 சதவீதமும் சேர்த்தார்கள். "பணத்தில் கை வைக்கவில்லையே, பிறகு ஏன் மேயர்கள் கத்துகிறார்கள்?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பணம் பேச்சின் கடைசியில் வரும் விஷயம். அதற்கு முன்னால் நிறுவனத்தின் ஆள் வந்து எங்கள் எதிரில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் பதினான்கு வீடுகள் உள்ள தெருவுக்கும் கம்பி போட்டால்தான் கையெழுத்து என்று எங்கள் குழுவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார். முகம் சுளித்தார்கள். போட்டார்கள். அந்த நாற்காலியை எடுத்துவிடுவதற்காகத்தான் அந்த வாக்கெடுப்பு.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, உங்கள் நாற்காலிக் கதை நன்றாக இருக்கிறது. டல்லாஸ் பக்கத்திலிருந்து அதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகள் ஊருக்கு ஒரே கேபிள் நிறுவனம் என்ற நிலையை உருவாக்கியது யார்? இதே ஊர் மன்றங்கள்தான். ஒருவருக்கு மட்டும் உரிமம் தந்து, அவர் விலையை ஏற்ற ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தன. "தனியுரிமை தரக்கூடாது, இரண்டாவதாக வருகிறவருக்குக் காரணமின்றி மறுக்கக்கூடாது" என்று 1992இல் சட்டம் எழுத வேண்டி வந்ததே அதனால்தான். அந்தச் சட்டத்தை மூத்த புஷ் தடுத்தார். அவர் தடுத்த மசோதாக்களில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், மீறி நிறைவேற்றிய ஒரே மசோதா அதுதான். மக்களுக்குக் கேபிள்காரர்மேல் அவ்வளவு கோபம்.

டெக்சாஸ் 2005 செப்டம்பரிலேயே மாநில அளவில் ஒரே உரிமம் என்று சட்டம் போட்டது. அதே மாதம் கெல்லர் என்ற ஊரில் தொலைபேசி நிறுவனமான வெரைசன் தன் இழைத் தொலைக்காட்சியைத் தொடங்கியது. எங்கள் பகுதிக்கும் இரண்டாவது நிறுவனம் வந்ததும், பழைய நிறுவனத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு செய்தேன். அதுவரை 'முடியவே முடியாது' என்றவர்கள் அன்றைக்கே விலையைக் குறைத்தார்கள். எந்த மன்றமும் எனக்கு அதை வாங்கித் தரவில்லை. பதினான்கு வீட்டுக்குக் கம்பி வாங்கித் தந்தீர்கள், சரி. அந்தப் பேச்சு நடந்த ஒன்றரை ஆண்டும் மீதி ஊர் காத்துக்கொண்டிருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

---

புதியவன்77 எழுதியது:

சின்னக் கேள்வி. அந்த 5 சதவீதத்தை யார் கட்டுகிறார்கள்? நிறுவனமா, நாமா? இணையக் கட்டணத்துக்கும் உண்டா?

---

தெருவிளக்கு எழுதியது:

புதியவன், நாம்தான் கட்டுகிறோம். ரசீதில் தனி வரியாக வரும். "உங்கள் ஊர் வாங்குகிறது, எங்களைத் திட்டாதீர்கள்" என்று சொல்லாமல் சொல்கிற வரி.

இணையத்துக்குக் கிடையாது. கேபிள் வழி இணையம் 'தகவல் சேவை', கேபிள் சேவை அல்ல என்று 2002இல் ஆணையம் அறிவித்தது; 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரே கம்பி, ஒரே கம்பம், ஒரே தெரு. தொலைக்காட்சிப் படம் போனால் ஊருக்குக் காசு, அதே படம் ஸ்ட்ரீமிங்காகப் போனால் காசில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை, காத்திருப்பு உண்மை. மறுக்கவில்லை. ஊருக்கு நீச்சல்குளம் கட்டித் தா என்று கேட்ட மன்றங்கள் உண்டு என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்படிக் கேட்டவர்கள் இருந்திருந்தாலும் எனக்கு வியப்பில்லை. அதற்கு மருந்து கால வரம்பு. '90 நாளில் முடி' என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் மேசையையே தூக்கினார்கள்.

---

முல்லைக்கொடி எழுதியது:

இருவரும் மூன்றாவது ஆளை மறந்துவிட்டீர்கள்: மாநிலம்.

அமெரிக்க அரசமைப்பில் நகரம் என்ற சொல்லே அதிகாரம் பெற்ற அமைப்பாக இல்லை. கூட்டாட்சி, மாநிலங்கள், மக்கள், அவ்வளவுதான். ஊர் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. கொடுத்த அதிகாரத்தை மாநிலம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எனவே 'வாஷிங்டனா, உள்ளூரா' என்று வாக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் உண்மையில் சண்டை மூன்று பேருக்கு இடையில். ஊர் எப்போதும் யாரோ ஒருவரின் தோளில் தொற்றிக்கொண்டுதான் பேசுகிறது.

ஊர்கள் தாமே தொலைத்தொடர்பு சேவை நடத்தக்கூடாது என்று மிசூரி மாநிலம் தடை போட்டிருந்தது; 2004இல் அந்த வழக்கு வந்தது. '1996ஆம் ஆண்டுச் சட்டம் எந்த அமைப்பையும் தொலைத்தொடர்பு சேவை தரவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறதே, மாநிலம் எங்களைத் தடுக்கலாமா?' என்று நகரங்கள் கேட்டன. தடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம், 8க்கு 1. 'எந்த அமைப்பும்' என்பதில் மாநிலத்தின் சொந்தப் பிள்ளை அடங்காதாம்.

இதில் வேடிக்கை, தெருவிளக்கு ஐயா திட்டுகிற அதே கோப் மசோதாவின் இன்னொரு பகுதி, ஊர்கள் சொந்தமாக இணைய வலை நடத்துவதை மாநிலங்கள் தடை செய்யக்கூடாது என்றது! ஒரு கையால் உரிமத்தைப் பறித்து, மறு கையால் வலை நடத்தும் சுதந்திரம் தந்த மசோதா. உள்ளூர் அதிகாரத்தின் நண்பர் யார், எதிரி யார் என்று கட்சிக்கொடியைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இன்னொரு வாக்கெடுப்பையும் பக்கத்தில் வையுங்கள். 2014 ஜூலை. டென்னசியில் சட்டனூகா நகரத்தின் மின்வாரியம் தானே கண்ணாடி இழை வலை அமைத்து நடத்திக்கொண்டிருந்தது. மாநிலச் சட்டம் அதை அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நீட்ட விடவில்லை. ஆணையம் தலையிடப் போகிறது என்று தெரிந்ததும், அதற்கு ஒரு காசும் செலவிடக்கூடாது என்று மார்ஷா பிளாக்பர்ன் கொண்டுவந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 223க்கு 200 என்று வென்றது. 'மாநில உரிமை' என்பதுதான் முழக்கம். அந்தத் திருத்தம் சட்டமாகவில்லை. 2015இல் ஆணையம் மாநிலத் தடையை நீக்கி ஆணை போட்டது. 2016இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. இங்கே ஊரின் பக்கம் நின்றது வாஷிங்டன், எதிரில் நின்றது மாநிலம். 2006க்கு அப்படியே தலைகீழ்.

---

வைகைக்கரை எழுதியது:

மதுரையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் இந்தத் தலைவலியே வராது. ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 31ஆவது இனம்: அஞ்சல், தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு எல்லாம் டெல்லிக்கு. முடிந்தது கதை. 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பெரும்பகுதி இடைநீக்கத்தில் வெளியே நின்றார்கள். 321, 101 என்று எண்ணிப் பார்க்கும் வேலைகூட இல்லை.

---

முல்லைக்கொடி எழுதியது:

முடியவில்லை அண்ணா. அரசு கேபிள் நினைவில்லையா? 2007இல் தொடங்கி, 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு என்று மறுபடி உயிர் கொடுத்தார்கள். மாநில அரசுகள் இந்தத் தொழிலுக்குள் வரக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பரிந்துரை. டிஜிட்டல் உரிமம் கைக்கு வர 2017 ஏப்ரல் ஆகிவிட்டது. பட்டியலில் ஒரு வரி தெளிவாக இருந்தால் சண்டை நின்றுவிடாது. வேறு அறைக்கு மாறும்.

---

நெறியாளர்: அரசு கேபிளுக்குப் பழைய இழை ஒன்று இருக்கிறது. அங்கே தொடருங்கள், இங்கே வேண்டாம்.

---

தெருவிளக்கு எழுதியது:

செனட்டுக்கு வருகிறேன். தலைப்பில் செத்தது என்று எழுதியிருக்கிறேனே, எப்படிச் செத்தது?

2006 ஜூன் 28. செனட்டின் வர்த்தகக் குழு, தலைவர் அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ். இணையச் சமநிலைத் திருத்தம் 11க்கு 11 என்று சமமாக நின்றது, சமமானால் தோல்வி. இணையம் ஒரு 'குழாய்களின் தொடர்' என்று ஸ்டீவன்ஸ் பேசி உலகம் முழுக்கச் சிரிப்புக்கு ஆளானது அன்றுதான். மசோதா குழுவில் 15க்கு 7 என்று தேறியது. ஆனால் செனட் அவைக்கு வர 60 பேர் வேண்டும். ஓரிகனின் ரான் வைடன் குறுக்கே கட்டையைப் போட்டார். நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் கைமாறியது. அத்தோடு போயிற்று.

இங்கே ஊர்க்காரர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் டோனட் வாங்கி வந்தார் என்பதும் உண்மை. சர்க்கரை விரலில் காயுமுன்னே டிசம்பர் 20 வந்தது. ஆணையம் 3க்கு 2 என்று கட்சி வாரியாகப் பிரிந்து ஓர் ஆணை போட்டது: தெருவில் ஏற்கெனவே கம்பி வைத்திருக்கும் தொலைபேசி நிறுவனம் விண்ணப்பித்தால் ஊர் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், புதிதாக வருகிறவருக்கு ஆறு மாதம். நியாயமற்ற வேகத்தில் எல்லா வீட்டுக்கும் போடு என்று வற்புறுத்தக்கூடாது. நாடாளுமன்றம் தராததை ஐந்து பேர் கொண்ட ஆணையம் பெருமளவு தந்துவிட்டது. ஊர்கள் வழக்குப் போட்டன. 2008இல் ஆறாவது வட்டார நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. இதற்கிடையில் மாநிலங்களும் டெக்சாஸ் வழியில் வரிசையாகப் போயின, கலிபோர்னியா 2006இலேயே. 2010 வாக்கில் கோப் சட்டத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

321 பேர் வாக்களித்ததால் இது நடக்கவில்லை. 321 வாக்கைப் பார்த்து, 'காற்று இந்தப் பக்கம்தான்' என்று மற்றவர்கள் புரிந்துகொண்டதால் நடந்தது என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

'90 நாள் போதுமே' என்று நீங்கள்தானே மேலே கேட்டீர்கள்? ஆணையம் அதைத்தான் தந்தது. இப்போது அதற்கும் கண்ணீர்.

எல்லா வீட்டுக்கும் போட வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி. அது முதலில் வந்தவருக்குப் பொருந்தும், ஏனென்றால் அவருக்குப் போட்டியில்லாச் சந்தை பதிலுக்குக் கிடைத்தது. இரண்டாவதாக வருகிறவருக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அவரையும் கடைசித் தெரு வரை போ என்றால் ஊருக்கே வரமாட்டார். நட்டம் முதல் நிறுவனத்துக்கா? இல்லை. நமக்கு.

---

தெருவிளக்கு எழுதியது:

90 நாள் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவதில் இல்லை. நியூ ஜெர்சி 2006இல் மாநில உரிமம் கொண்டுவந்தபோது, மாவட்டத் தலைநகரங்களும் நெருக்கமாக மக்கள் வாழும் நகரங்களுமாக 70 ஊர்களைக் குறித்து, 'இவற்றில் கட்டாயம் போட வேண்டும்' என்று எழுதியது. நிறுவனம் ஓடிவிடவில்லை; உரிமம் வாங்கியது. நெருக்கமான நகரங்கள் என்றால் அங்கே ஏழைகள் அதிகம், வாடகை வீடுகள் அதிகம். கட்டாயம் எழுதப்படாத இடங்களில் அவர்கள் கம்பி எந்தத் தெரு வரை வந்து நின்றது என்பதை வரைபடத்தில் பாருங்கள். வருமானத்தைப் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று கோப் மசோதாவிலும் ஒரு வரி இருந்தது. ஒதுக்கியதை யார் கண்டுபிடிப்பது, எங்கே போய் முறையிடுவது? வாஷிங்டனுக்கு.

---

மண்வெட்டி எழுதியது:

முறையீடு என்றதும் நினைவு வந்தது. பெயரும் ஊரும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தக்காரர் இழை போடத் தோண்டியபோது எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். மாநில உரிமம் உள்ள மாநிலம். ஊர் அலுவலகத்தில், 'உரிமம் நாங்கள் தரவில்லை' என்றார்கள். மாநில அலுவலகத்தில், 'தெரு எங்களுடையதல்ல' என்றார்கள். நிறுவனத்தில், 'ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்' என்றார்கள். ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பதினோரு நாள். தைப்பூசத்துக்கு வந்திருந்த மாமியார் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தார். கடைசியில் பள்ளம் தோண்ட அனுமதி தந்த ஊர்ப் பொறியாளர் ஒருவர், தன் வேலையில்லை என்று தெரிந்தும், ஒரு கடிதம் எழுதி முடித்து வைத்தார்.

---

முல்லைக்கொடி எழுதியது:

மண்வெட்டி அண்ணாவுக்குத் தெருவை மேலாளும் அதிகாரமாவது ஊரிடம் மிச்சம் இருந்ததே, அது எப்படி மிஞ்சியது தெரியுமா?

1995 ஆகஸ்ட். பின்னால் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமாக ஆன மசோதா பிரதிநிதிகள் சபையில் நடந்துகொண்டிருந்தது. பொதுவழியை மேலாள்வதும் அதற்கு நியாயமான ஈடு வாங்குவதும் உள்ளூர் அரசின் உரிமை என்று ஒரு திருத்தம் வந்தது. 338க்கு 86 என்று வென்றது. இன்றைக்கும் 253ஆவது பிரிவில் அந்த உரிமை நிற்கிறது. கொண்டுவந்தவர்கள் இருவர்: மிச்சிகனின் பார்ட் ஸ்டூபக், டெக்சாஸின் ஜோ பார்ட்டன்.

ஆமாம், அதே பார்ட்டன்தான். ஊரின் தெருவுக்காக 1995இல் வாதாடியவர், 2006இல் ஊரை மேசையிலிருந்து எழுப்பிவிட மசோதா எழுதினார். பொதுவழித் தகராறில் தீர்ப்பு சொல்லும் வேலையையும் ஆணையத்துக்குத் தள்ளினார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இது எனக்குத் தெரியாது. நன்றி.

---

புதியவன்77 எழுதியது:

இப்போது எங்கள் தெருவில் விளக்குக் கம்பத்தில் 5ஜி பெட்டி மாட்டப் போகிறார்களாம். ஊர்க் கூட்டத்தில் எதிர்க்க முடியுமா? கதிர்வீச்சு பற்றிப் பேசலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

---

தெருவிளக்கு எழுதியது:

பேசலாம். மன்றம் தலையாட்டிக் கேட்கும். ஆனால் அதை வைத்து மறுக்க முடியாது. ஆணையத்தின் வரம்புக்குள் இருக்கும் அலைவீச்சைக் காரணம் காட்டி உள்ளூர் அரசு மறுக்கக்கூடாது என்று 1996 சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று மணி நேரம் இதிலேயே போகும். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

2018 செப்டம்பர் ஆணைப்படி இருக்கிற கம்பத்தில் மாட்ட 60 நாள், புதுக் கம்பத்துக்கு 90 நாள். ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 270 டாலர் வரை ஊர் வாங்கினால் கேள்வியில்லை. அதற்கு மேல் என்றால் செலவுக் கணக்கு காட்ட வேண்டும். 2020இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் இதன் பெரும்பகுதியை ஏற்றது. அழகியல் விதிகளில் மட்டும் ஊர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது. எனவே பெட்டியின் நிறம், அளவு, இடம், சன்னலுக்கு எவ்வளவு தூரம், பழுதானால் எத்தனை நாளில் கழற்றுவார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் எழுதி வெளியிட்ட வடிவமைப்பு விதி இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இந்தக் கூட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

முன்பு பாதியில் விட்ட 5 சதவீதம். மாசசூசெட்ஸ் மாநில உரிமத்துக்கு மாறவே இல்லை. எங்கள் ஊரில் இன்னும் அந்த மடக்கு நாற்காலி இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. வீடு வீடாகக் கேபிளை வெட்டிவிட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகிறார்கள், நான் உட்பட. எதன் 5 சதவீதம்? ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்த ஓஹையோவின் மேப்பிள் ஹைட்ஸ் நகரத்துக்கு 2022இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இதற்கான மசோதா வந்து வந்து போகிறது. அந்தப் பணத்தில்தான் எங்கள் உள்ளூர் அலைவரிசை நடந்தது: பள்ளிக் கால்பந்து, மன்றக் கூட்டம், எல்லாம். ஒரு முறை நம் ஊர்த் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவைக்கூட முழுக்கப் பதிவு செய்து மூன்று நாள் மறு ஒளிபரப்பு செய்தார்கள். ஒளிப்பதிவு செய்த பையனுக்குக் கோலத்துக்கும் கும்மிக்கும் வேறுபாடு தெரியாது. கோலத்தையே பத்து நிமிடம் காட்டினான். இப்போது அங்கே பகுதி நேர ஊழியர் ஒருவர் மட்டும்.

---

மண்வெட்டி எழுதியது:

ஐயா, அந்தப் பொங்கல் 2009ஆ? அப்போது அந்தப் பக்கம்தான் இருந்தோம். என் மகள் கும்மியில் ஆடினாள். பதிவு உங்களிடம் இருக்கிறதா?

---

தெருவிளக்கு எழுதியது:

இருக்கிறது. டிவிடி. போட்டுப் பார்க்கும் கருவிதான் வீட்டில் இல்லை. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.